நத்தம் கணவாயும் இரண்டங்குலத் தளபதிகளும்

1755 மே 29. திருநெல்வேலிச் சீமையில் வரி வசூலுக்குப் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த, கர்னல் ஹெரான் தலைமையிலான கிழக்கிந்தியக் கும்பினிப் படை நத்தம் கணவாய்க்குள் நுழைந்தது. இருபுறமும் அடர்ந்த காடு. வண்டியொன்று சேற்றில் சிக்கிக்கொள்ள, படை முன்னும் பின்னுமாக அறுந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கள்ளர் சமூகத்தார் பாய்ந்தார்கள். மதுரைக்கு அருகே கோவில்குடியில் ஹெரானின் ஆட்கள் கொள்ளையிட்டிருந்த சாமி சிலைகளை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ராபர்ட் ஓர்ம் தன் வரலாற்று நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஹெரான் பிற்பாடு ராணுவ விசாரணையில் பதவி இழந்தார்.

போர்த் தளபதிகளின் சிற்றுருவங்களைச் சேகரிப்பவர்களுக்கு இப்படியொரு காட்சி கிடைத்தால் விடமாட்டார்கள். உலோகத்திலோ பிசினிலோ வார்த்து, கையால் வண்ணம் தீட்டிய இந்தப் பொம்மைகளில் பரவலான அளவு 54 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத்துக்குச் சற்றே அதிகம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் பக்கம் வெள்ளீயத்தில் தட்டையாக வார்த்தார்கள். 1893இல் லண்டனைச் சேர்ந்த பிரிட்டன்ஸ் நிறுவனம் ஒரு சிக்கன வழி கண்டது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடும். உள்ளே வெற்றிடம், ஈயமும் மிச்சம், விலையும் மலிவு. மதராஸ் குதிரைப்படையும் காலாட்படையும்கூட அந்தப் பெட்டிகளில் வந்தன. சிறுவன் சர்ச்சிலிடம் ஏறக்குறைய 1,500 ஈயச் சிப்பாய்கள் இருந்தார்கள். அந்த அணிவகுப்பைப் பார்த்துத்தான் அப்பா அவரை ராணுவத்துக்கு அனுப்ப முடிவு செய்தார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

1930களில் ஜெர்மனியின் ஹௌசர் நிறுவனம் மரத்தூளையும் பசையையும் பிசைந்து ஹிட்லரையும் கோரிங்கையும் செய்து விற்றது. வரவேற்பறை மேசைவரை பிரசாரம் போய்ச் சேர்ந்ததற்கு அவை சாட்சி.

இந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலையின் கஷ்டமெல்லாம் முகத்தில்தான். முதலில் பிரைமர் பூச்சு, அதன்மேல் தோல் நிறம். நீர்த்த பழுப்பு வண்ணம் மூக்கோரத்திலும் தாடைக்கடியிலும் தானாக ஓடித் தேங்கி நிழலாகிவிடும். பிறகு நெற்றியும் கன்னமேடும் வெளிர் நிறத்தில் மேலெழும். கண்ணுக்கு ஊசிமுனைத் தூரிகையால் ஒரே ஒரு புள்ளி. அது அரை மயிரிழை தள்ளிப்போனாலும் தளபதி மாறுகண்ணராகிவிடுவார்!

அதைவிடப் பெரிய தலைவலி ஆதாரம். ஹெரானுடன் அந்தப் படையெடுப்பில் போன யூசுப் கான், நாம் மருதநாயகம் என்றழைப்பவர், பின்னாளில் மதுரையையே ஆண்டு, கும்பினியை எதிர்த்து, 1764 அக்டோபரில் தூக்கிலேறினார். அவர் பெயரில் உலவும் படங்களை எல்லாம் நம்பி முகம் வரைந்துவிட முடியாது. சிப்பாய்களுக்கு மிடுக்கான சிவப்புச் சீருடை போட்டால் அதுவும் தவறாகலாம். மதராஸ் சிப்பாய்களைப் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தியதே 1758 வாக்கில்தான். நத்தம் கணவாய்க் காட்சியில் ஆளுக்கொரு உடையோடு நிற்பவர்களே உண்மைக்கு நெருக்கமானவர்கள். அதே 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக (படை அதிகாரியாக) வந்த ஹைதர் அலிக்குப் பழைய சித்திரங்கள் இருக்கின்றன. அவரைச் செய்வது எளிது. 1801இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கருக்கு இன்று நாம் பார்க்கும் முகமோ பிற்காலக் கலைஞர்களின் கற்பனை.

நம் பக்கத்தில் இந்தக் கைவேலைக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். கொலுப்படியில் காந்தியும் நேதாஜியும் ஏறி எவ்வளவோ காலமாகிறது. கோபால நாயக்கரும் வேலு நாச்சியாரும் ஏறுவதில் தடையேதும் இல்லை.

வாங்குகிறவர்களுக்கும் செய்யச் சொல்கிறவர்களுக்கும் இரண்டே வார்த்தை. பழைய பொம்மையில் வண்ணம் உதிர்ந்திருந்தால் புதிதாகப் பூசாதீர்கள். மூல வண்ணம் போனால் மதிப்பும் போய்விடும். புதிதாகச் செய்வித்தால், முகத்தையும் உடையையும் எந்தப் படத்தைப் பார்த்து எடுத்தீர்கள், எது கற்பனை என்று ஒரு சீட்டில் எழுதிப் பீடத்தின் அடியில் ஒட்டிவையுங்கள்.