மௌத் ஆர்கனில் கல்யாணி ராகம் வருமா? ஹார்மோனிகாவை வீட்டிலேயே மாற்றியமைப்பது எப்படி?

பத்துத் துளை ஹார்மோனிகா ஒன்றில் ஒரே ஒரு பித்தளை நாக்கைச் சற்றே சுரண்டினால் போதும், சங்கராபரணம் வாசித்த கருவி கல்யாணி வாசிக்கும். இதற்குப் பெரிய இசைக்கடை எதுவும் தேவையில்லை. பாலிங், கூப்பாங், குவாலா கெட்டில் போன்ற சிறிய ஊர்களில் இருப்பவர்களும் மோட்டார் பட்டறையிலும் ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும் சாமான்களை வைத்தே இந்த வேலையைச் செய்து பார்க்கலாம்.

நம்மில் பலர் 'மௌத் ஆர்கன்' என்று சொல்லும் இந்தக் கருவியைப் பற்றி வழக்கமாக இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, "ஒரு ஓட்டை கெட்டுப்போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான்." இன்னொன்று, "இதுல சினிமா பாட்டு ஊதலாம், ராகமெல்லாம் வராது." இரண்டுமே முழு உண்மை இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஹார்மோனிகாவின் இரண்டு உலோக மூடிகளைக் கழற்றினால் நடுவில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு சட்டம் இருக்கும். அதன் மேலும் கீழும் ஒவ்வொரு பித்தளைத் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் பத்து மெல்லிய பித்தளை நாக்குகள், அதாவது ரீட்கள். ஆக மொத்தம் 20 ரீட். ஒவ்வொரு ரீட்டின் அடியும் தகட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். நுனி மட்டும் ஒரு நீளமான பிளவுக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும்.

மேல் தகட்டு ரீட்கள் ஊதும்போது ஒலிக்கும். கீழ்த் தகட்டு ரீட்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலிக்கும். அவ்வளவுதான் இதன் ரகசியம்.

தோட்டத்துக் கோயில் பஜனையில் பார்க்கும் ஆர்மோனியத்திலும் இதே வகை ரீட்தான் இருக்கிறது. சபாவில் கடசான்டூசுன் மக்கள் வாசிக்கும் சொம்போத்தோன் கருவியும் இதே குடும்பம்தான். சுரைக்குடுவையில் எட்டு மூங்கில் குழல்களைச் செருகி, காற்று கசியாமல் தேன்மெழுகால் அடைத்திருப்பார்கள். உள்ளே ஆடுவது பித்தளை இல்லை, பனை வகை மரத்தில் சீவிய நாக்கு. ஹார்மோனிகாவை ஜெர்மானியக் கருவி என்றே நினைக்கிறோம். ஆனால் அதன் உறவுக்காரர் நம் நாட்டிலேயே இருக்கிறார்.

சில ஸ்வரங்கள் ஏன் காணவில்லை?

கடையில் கிடைக்கும் சாதாரண பத்துத் துளை ஹார்மோனிகாவின் ஸ்வர அமைப்புக்கு 'ரிக்டர்' என்று பெயர். ஐரோப்பிய நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஏற்றபடி, ஒரே நேரத்தில் மூன்று துளைகளை ஊதினால் இனிமையான கார்டு வரும்படி இது அமைக்கப்பட்டது. அந்த வசதிக்காகக் கீழ் ஸ்தாயியில் சில ஸ்வரங்களை விட்டுவிட்டார்கள்.

'சி' ஹார்மோனிகா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'சி'தான் நம் ஷட்ஜம். 4-ஆம் துளை முதல் 7-ஆம் துளை வரை ச ரி க ம ப த நி ச முழுதாகக் கிடைக்கும். அது அப்படியே சங்கராபரணம். 1 முதல் 3 வரையிலான துளைகளிலோ மத்யமமும் தைவதமும் இல்லை. பஞ்சமம் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது: 2-ஆம் துளையை இழுத்தாலும் ப, 3-ஆம் துளையை ஊதினாலும் ப.

ஸ்க்ரூ கழற்றும் முன் ஒரு விஷயம்

எதையும் தொடாமலேயே சில ராகங்களின் ஸ்வரங்கள் கிடைக்கும். கர்நாடக இசையில் கிரக பேதம் என்று ஒன்று உண்டு. ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஷட்ஜத்தை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துவது.

சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் கரஹரப்ரியா வரும். அதாவது 4-ஆம் துளையை இழுத்து அங்கிருந்து தொடங்க வேண்டும். பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்தால் ஹரிகாம்போஜி. இதற்கு 6-ஆம் துளையை ஊதித் தொடங்க வேண்டும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் 'செகண்ட் பொசிஷன்' என்று சொல்வதும் இந்த இரண்டாவது முறையைத்தான். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்று.

இது போதவில்லை என்றால்தான் ஸ்க்ரூட்ரைவரை எடுக்க வேண்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

- கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் சின்ன ஸ்க்ரூட்ரைவர் செட்.
- ஃபீலர் கேஜ். மோட்டார் பட்டறையில் இடைவெளி அளக்கப் பயன்படும் மெல்லிய இரும்புத் தகடுகள் இவை. செட்டில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை ரீட்டுக்கு அடியில் செருகித் தாங்கு கொடுக்கலாம்.
- பல்குத்தும் குச்சிகள். ரீட்டை மெதுவாக அசைக்க இவைதான் பாதுகாப்பு.
- மிக மெல்லிய சின்ன அரம், அல்லது நைசான மணல்தாளை ஒட்டிய ஐஸ்கிரீம் குச்சி.
- போனில் ஒரு டியூனர் ஆப். சென்ட் கணக்குக் காட்டுவதாக இருக்க வேண்டும். ஓர் அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்.
- நல்ல வெளிச்சம், முடிந்தால் பூதக்கண்ணாடி.

எந்த ஹார்மோனிகாவில் பழகலாம்? ஆணி அடித்தது வேண்டாம், ஸ்க்ரூ போட்டது நல்லது. உதாரணமாக, ஹோனர் நிறுவனம் 1896-இல் அறிமுகப்படுத்திய மரீன் பேண்ட் மரச்சட்டமும் ஆணியும் கொண்டது. அதே நிறுவனத்தின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் சட்டம், ஸ்க்ரூ. நம் ஊர் ஈரப்பதத்தில் மரச்சட்டம் எச்சிலும் சேர்ந்து ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். தொடக்கத்துக்கு பிளாஸ்டிக் சட்டமே வசதி. வீட்டில் கெட்டுப்போய்க் கிடக்கும் பழைய ஹார்மோனிகா இருந்தால் இன்னும் நல்லது. முதல் ரீட்டை அதில் கெடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: இடைவெளியைச் சரிசெய்வது

பெரும்பாலான 'கெட்டுப்போன' துளைகள் உண்மையில் கெட்டவையே இல்லை. முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தகட்டைப் பிடித்துப் பாருங்கள். ரீட்டின் இரு பக்கமும் சமமான மெல்லிய ஒளிக்கோடு தெரிய வேண்டும். நடுவில் தூசியோ காய்ந்த எச்சிலோ மாட்டியிருந்தால் குச்சியால் எடுத்துவிடுங்கள். பல நேரம் வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து இடைவெளி. ரீட்டின் நுனி தகட்டை ஒட்டிப் படுத்திருக்கக் கூடாது, கொஞ்சம் மேலே தூக்கியிருக்க வேண்டும். எவ்வளவு? ஏறக்குறைய அந்த ரீட்டின் நுனித் தடிமன் அளவு. கீழ் ஸ்வர ரீட்களுக்குக் கூடுதலாகவும், மேல் ஸ்வரங்களுக்குக் குறைவாகவும் வைக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பலமாக ஊதினால் சத்தம் அடைத்துக்கொள்கிறதா? இடைவெளி குறைவு. சத்தத்தைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறதா? இடைவெளி கூடுதல். பல்குத்தும் குச்சியால் ரீட்டை மேலேயோ கீழேயோ மெதுவாகத் தள்ளிவிட்டு, மறுபடி ஊதிப் பாருங்கள். ஒரே தள்ளலில் சரியாகிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

இரண்டாம் படி: சுருதியை மாற்றுவது

இதன் கணக்கு எளிது. ரீட்டின் நுனியில் உலோகத்தைக் குறைத்தால் எடை குறையும், வேகமாக ஆடும், சுருதி ஏறும். ரிவெட்டுக்குப் பக்கத்தில், அதாவது அடியில் குறைத்தால் விறைப்பு குறையும், மெதுவாக ஆடும், சுருதி இறங்கும்.

செய்முறையும் எளிதுதான், பொறுமை மட்டும் வேண்டும். ஃபீலர் கேஜ் தகட்டை ரீட்டுக்கு அடியில் செருகுங்கள். அரத்தால் ரீட்டின் நீளவாக்கில் இரண்டு மூன்று இழு. தூளைத் துடையுங்கள். ஊதிப் பாருங்கள். டியூனரைப் பாருங்கள். மறுபடி இரண்டு இழு. குறுக்குவாக்கில் கீறக் கூடாது. அந்தக் கீறலிலேயே ரீட் பின்னால் விரிசல் விடும்.

பால்மரம் சீவும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பிறகு பால் ஒழுங்காக வராது. ரீட்டும் அப்படித்தான். எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

கல்யாணிக்கு ஒரு ரீட்

சங்கராபரணம் 29-ஆவது மேளகர்த்தா, கல்யாணி 65-ஆவது. இரண்டுக்கும் வித்தியாசம் மத்யமம் மட்டும்தான். சுத்த மத்யமத்தைப் பிரதி மத்யமம் ஆக்கினால் கல்யாணி.

'சி' ஹார்மோனிகாவில் அந்த மத்யமம் 5-ஆம் துளையை இழுத்தால் வருவது. நொடிக்குச் சுமார் 698 முறை ஆடும் அந்த ரீட்டை 740 முறை ஆட வைக்க வேண்டும். நுனியைச் சுரண்டி 100 சென்ட் ஏற்றினால் போதும். இழுக்கும் ரீட்கள் கீழ்த் தகட்டின் வெளிப்பக்கம் இருப்பதால், மூடியை மட்டும் கழற்றினாலே கைக்கு எட்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதுதான் ஏற்ற முதல் வேலை. மேல்நாட்டில் இந்த மாற்றத்துக்கு 'கன்ட்ரி டியூனிங்' என்று பெயர்.

பழைய மத்யமம் போய்விடுமா? போகாது. 5-ஆம் துளையை இழுக்கும்போது வாயின் உள்வடிவத்தை மாற்றி ஸ்வரத்தை 'வளைத்தால்' சுத்த மத்யமம் திரும்பக் கிடைக்கும். மேல் ஸ்தாயியிலும் கல்யாணி வேண்டுமென்றால் 9-ஆம் துளையின் இழு ரீட்டையும் இதேபோல ஏற்ற வேண்டும்.

மோகனத்துக்கு இன்னொரு ரீட்

ச ரி க ப த. மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரம். நடு ஸ்தாயியில் இது முன்பே இருக்கிறது. கீழ் ஸ்தாயியில் தைவதம் மட்டும்தான் இல்லை. பஞ்சமம் இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்தோம் அல்லவா? அதில் ஒன்றை, அதாவது 3-ஆம் துளையின் ஊது ரீட்டை, தைவதமாக மாற்றிவிடலாம். இதைப் பிரபலப்படுத்தியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஹார்மோனிகா கலைஞர் பிரெண்டன் பவர். அவர் வைத்த பெயர் 'பேடி ரிக்டர்'. ஐரிஷ் பாடல்களுக்காக வந்த மாற்றம் நம் மோகனத்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1-ஆம் துளையிலிருந்து 10-ஆம் துளை வரை மூன்று ஸ்தாயியிலும் மோகனம் முழுதாக வரும்.

ஆனால் இங்கே 200 சென்ட் ஏற்ற வேண்டும். 392-இலிருந்து 440-க்கு. ஊது ரீட்கள் தகட்டின் உள்பக்கம் இருப்பதால் தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும். எனவே இது இரண்டாவது வேலையாக இருக்கட்டும். இதில் ஓர் இழப்பும் உண்டு: 1, 2, 3 துளைகளைச் சேர்த்து ஊதினால் வரும் ச-க-ப கார்டு இனி வராது.

கமகம் வருமா?

ஆர்மோனியத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல முடியாது என்பது பழைய புகார். ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் அந்தக் கருவியைத் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஹார்மோனிகாவில் நிலைமை கொஞ்சம் வேறு. ஒரே துளைக்குள் ஊது ரீட், இழு ரீட் இரண்டும் இருப்பதால், வாயின் உள்வடிவத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்து ஆடி ஸ்வரம் வளைந்து இறங்கும். 1 முதல் 6 வரையிலான துளைகளில் இழுக்கும்போது இது நடக்கும், 5-இல் மட்டும் மிகக் குறைவு. வீணை அளவுக்கு எல்லாக் கமகமும் வராது. ஆனால் சுத்தமாக வராது என்பதும் சரியில்லை. இடைவெளி சரியாக இருந்தால்தான் இந்த வளைவு எளிதாக வரும். முதல் படியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

இந்திய சினிமாவுக்கும் இந்தக் கருவி புதிதில்லை. 1964-இல் வந்த 'தோஸ்தி' இந்திப் படத்தில் மௌத் ஆர்கன் வாசித்தவர் ஆர்.டி. பர்மன். 1975-இல் வந்த 'ஷோலே'யில் அமிதாப் பச்சன் வாசிப்பதாக வரும் மௌத் ஆர்கன் இசை, உண்மையில் பானு குப்தா வாசித்தது.

கவனிக்க வேண்டியவை

டியூனரை 440-க்கு வைத்துவிட்டு எல்லா ரீட்டும் தப்பு என்று நினைக்காதீர்கள். பல ஹார்மோனிகாக்களைத் தொழிற்சாலையிலேயே 442 அல்லது 443-ஐ ஒட்டிச் சற்று ஏற்றித்தான் டியூன் செய்கிறார்கள். மாற்றும் ரீட், உங்கள் கருவியின் மற்ற ரீட்களோடு ஒத்துப்போக வேண்டும். அதுதான் முக்கியம். எப்போதும் வாசிக்கும் அளவு மூச்சிலேயே சோதியுங்கள். முடித்த பிறகு ஒரு நாள் விட்டு, மறுநாள் மறுபடி பாருங்கள். சுருதி சற்று நகர்ந்திருக்கலாம்.

வாயில் வைக்கும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். பித்தளைத் தூளை வாயால் ஊதித் தள்ளாமல் தூரிகையால் துடையுங்கள். மாட்டும் முன் தகட்டைக் கழுவிக் காய வையுங்கள். காற்று கசியும் இடத்தை அடைக்க சூப்பர் குளூ, வார்னிஷ் வேண்டாம். மரச்சட்டமாக இருந்தால் சுத்தமான தேன்மெழுகு போதும். சபாவில் சொம்போத்தோன் செய்பவர்கள் கையாளும் அதே பொருள்தான்.

எங்கே தொடங்குவது? இன்று ஸ்க்ரூவைக் கழற்றித் தூசியை எடுத்து, இடைவெளியை மட்டும் சரிசெய்து பாருங்கள். கை பழகிய பிறகு 5-ஆம் துளை. அதற்கும் பிறகுதான் 3-ஆம் துளை. அரத்தை எடுக்கும் முன் மாற்றப்போகும் ரீட்டின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பத்து ரீட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.