பெர்முடா புல்லும் நம் அறுகும்

கோல்ஃப் ஆடுதளங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘பெர்முடா புல்’ என்ற ஒன்றைப் பெரிதும் பேசுவர். வெப்ப நாட்டு ஆடுதளங்களிற் பரவலாக வளர்க்கப்படுவது அது. அப்பெயரை அவ்வாறே தமிழில் எழுதிவிட்டால், படிக்கும் மாணாக்கன் ஏதோ கடல்கடந்த அரும்பொருளென மயங்குவான். அஃது அறுகம்புல்லேயன்றி வேறன்று.

அட்லாண்டிக் கடலிலுள்ள பெர்முடாத் தீவுகள் அதன் பிறப்பிடமல்ல. அத்தீவுகளின் வழியே வந்ததென்று கருதி அமெரிக்கர் இட்ட பெயர் இது. இந்தியாவிற் பிறந்த எண்குறிகள், அராபியர் வாயிலாகச் சென்றமையால் ஐரோப்பாவில் ‘அராபிய எண்கள்’ ஆன கதையை ஒப்பது. நம் நாட்டிலோ அறுகு மிகப் பழையது. குறுந்தொகை 256ஆம் பாட்டில் மான் மேய்வது இவ்வறுகையே. தாவரநூலார் வைத்த ‘சைனோடான் டாக்டிலான்’ என்ற பெயர் இதனினும் நேர்மையானது. நாய்ப்பல், விரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களாலாயது. கதிர்கள் விரல்போல் விரிதலைக் கண்டோர் அதன் பொருத்தத்தை உணர்வர்.

கோல்ஃபுக்கு இப்புல் ஏன் உகந்தது? திருநெல்வேலி, கோண்டாவிற் செம்பாட்டுத் தோட்டக்காரரைக் கேட்டால் உடனே விடை கூறுவர், சிறிது வசையும் சேர்த்து! மண்வெட்டியால் எத்தனை முறை கொத்தினும், மண்ணுட் கிடக்கும் ஒரு கணுப்போதும், மீண்டும் படர்ந்துவிடும். ஆட்டக்கோல் பெயர்த்த தரையை மூடுவதும் ஒட்ட வெட்டினும் மாளாதிருப்பதும் இக்குணத்தாலேயே. தோட்டத்திற் களையானது, நல்லூர்க் கலியாண வீட்டில் அறுகரிசியாகி மணமக்கள் தலையில் விழுவதும் இதன்பொருட்டே.

‘அறுத்தாலும் வளர்வது ஆதலின் அறுகு’ என்பாருமுளர். கேட்க இனிது, ஆயினும் ஓசையொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு சொற்பிறப்பு உரைத்தலை நான் ஏற்கேன்.

ஒன்றை மட்டும் பிரித்துணர்தல் வேண்டும். இன்றைய ஆடுதளங்கள் பலவற்றில் உள்ளது தனி அறுகன்று. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்னும் ஊரில் கிளென் பர்ட்டன் என்னும் அறிஞர், அறுகையும் அதன் ஆபிரிக்க உறவினம் ஒன்றையும் கலந்து புதுவகைகளை ஆக்கினார். அவற்றுளொன்று 1960இல் வெளிவந்த ‘டிஃப்வே’. ஊர்ப்பெயரின் தலையும், ஆடுதளத்தின் நடுப்புற்பரப்பைக் குறிக்கும் ‘ஃபேர்வே’யின் வாலும் கூடிய பெயர் அது. இத்தகையவற்றைக் ‘கலப்பறுகு’ எனலாம். ஏனைய இடங்களில் அறுகு என்றே எழுதுக.