மருந்துச் சீட்டின் சுருக்கங்கள்



மருந்தாளுநர் பயிற்சியில் சேர்ந்திருக்கும் மாணவர்கள் முதலில் மனப்பாடமாக அறிய வேண்டியவை, மருந்துச் சீட்டில் மருத்துவர்கள் எழுதும் சுருக்கங்கள். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எச்.எஸ். என்றால் இரவு படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.

ஆனால் இடம் பார்த்துப் படிக்க வேண்டும். கண் மருத்துவச் சீட்டில் அதே ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கும், ஓ.எஸ். இடது கண்.

அளவிலும் கவனம் தேவை. 5.0 மில்லிகிராம் என்று எழுதி, புள்ளி மங்கிப்போனால் அது 50 ஆகிவிடும். மருந்து பத்து மடங்கு கூடிவிடும். அதனால் முழு எண்ணை வெறும் 5 என்றே எழுதுங்கள். அரை மில்லிகிராமை, முன்னால் பூஜ்யம் சேர்த்து 0.5 என்று எழுதுங்கள்.

எழுத்து புரியவில்லையா? ஒருபோதும் ஊகிக்காதீர்கள். எழுதிய மருத்துவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு மருந்தை எடுத்துக் கொடுங்கள்.