துறைமுகத்து வரியும் மொட்டை மாடித் தக்காளியும்

தக்காளி கிலோ இருபது ரூபாய்க்கு விற்றபோது நாம் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஐம்பது ரூபாய்க்கு விற்றபோது முணுமுணுத்தோம். 2023 ஜூலையில் நூறைத் தாண்டி நூற்றைம்பதைத் தொட்டபோது வாயடைத்து நின்றோம். நங்கநல்லூர் நான்காவது மெயின் ரோட்டுக் காய்கறிக் கடையில் அந்த மாதம் கண்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு கிலோ வாங்கியவர்கள் அரைக் கிலோ வாங்கினார்கள். அரைக் கிலோ வாங்கியவர்கள் நான்கு பழத்தைப் பொறுக்கித் தராசில் வைத்தார்கள். நான்கு பழம் வாங்கியவர்கள்? அவர்கள் கடைக்கே வரவில்லை. வீட்டில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்!

அந்த நாளில்தான் ஓர் அறிவுரை பிறந்தது. உத்தரப் பிரதேசத்தில் அமைச்சராக இருந்த பிரதிபா சுக்லா அம்மையார் பேசினார்: விலை ஏறிவிட்டதா, வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தின்பதை நிறுத்துங்கள், விலை தானாக இறங்கும் என்று.

தோழர்களே, அந்த அறிவுரையை எள்ளி நகையாடிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நான் அப்படிச் செய்யப் போவதில்லை. வீட்டில் செடி வளர்ப்பது நல்ல காரியம். தன் கையால் வைத்த செடியில் தன் பிள்ளை ஒரு பழம் பறிப்பது எந்தப் பாட்டாளிக்கும் இன்பம்தான். கேள்வி அதுவல்ல. பாட்டாளியின் தொட்டி நாட்டின் விலைவாசியைத் தாங்குமா? அதுதான் கேள்வி.

விடையை ஏட்டில் தேடவேண்டாம். என் தெருவிலேயே இருக்கிறது.

என் தெருவில் ஒரு தோழர். மின்சார வேலை செய்பவர். காலையில் பழவந்தாங்கலில் மின்வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஒரு போர்ஷனில் வாடகைக்குக் குடும்பம். 2023-இல் விலை ஏறிய சூட்டில் அவர் பத்துச் செடிப் பைகளும் தென்னை நார்க்கழிவும் விதையும் வாங்கிவந்தார். மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்கார அம்மாள் மறித்தார்.

“தம்பி, தொட்டித் தண்ணி கசிஞ்சு தளம் ஊறிப்போச்சுன்னா யார் செலவு பண்றது? மழைக்கு ஒழுகினா நீங்க வேற வீடு பார்த்துப் போயிடுவீங்க. நான் எங்கே போறது?”

அந்த அம்மாள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவரும் கோடீசுவரி அல்லர். வாடகையை நம்பிப் பிழைப்பவர். முடிவில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நான்கு பைகளுக்கு அனுமதி கிடைத்தது. மற்ற ஆறும் கட்டிலுக்கடியில் போயின.

முதலில் போட்ட விதை முளைத்து வளர்ந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது அந்தச் செடிகளும் அழுகிப் போயின. தோழர் விடவில்லை. மறுபடி விதைத்தார், பொங்கலுக்கு முன்னால் நாற்றை எடுத்து நட்டார். மார்ச்சில் பழுத்தது. நான்கு பையிலும் சேர்த்து ஏழு கிலோ! தெருவே வந்து பார்த்தது. எங்கள் வீட்டுக்கும் அரைக் கிலோ வந்தது.

ஆனால் அந்த மார்ச்சில் கடைத்தெருவில் தக்காளி மலிந்து கிடந்தது. மே மாத வெயிலில் செடிகள் பூத்தன; பூ அத்தனையும் உதிர்ந்தன. 2024 ஜூலையில் விலை மறுபடி ஏறியபோது பையில் இருந்தது காய்ந்த தண்டு.

“அண்ணே, என் செடி காய்க்கிறப்போ கடையிலே மலிவு. கடையிலே ஏறுறப்போ என் செடி காய்ஞ்சு கிடக்கு. இது என்ன கணக்கு?” என்று கேட்டார்.

கணக்கைப் பார்ப்போம். தக்காளி நாற்று இருபத்தைந்து, முப்பது நாளில் நடவுக்குத் தயாராகும். நட்டபின் எழுபது நாளுக்கு மேல் காத்திருந்தால் பழம் பறிக்கலாம். நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஆனால் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி இரவிலும் சூடு தணியாவிட்டால் பூ காயாக மாறாது. ஆகவே சென்னை மாடியில் தக்காளிக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த மார்கழி முதல் பங்குனி வரைதான். வயல்களிலும் அந்தப் பருவத்தில் விளைச்சல் பெருகுகிறது, விலையும் விழுகிறது. விலை ஏறுவது பெரும்பாலும் ஆனி, ஆடியிலும் ஐப்பசி மழையிலும். அப்போது வெயிலும் மழையும் கோலாரையும் மதனப்பள்ளியையும் தாக்குகின்றன. நம் மாடியை மட்டும் விட்டுவிடுமா?

அளவுக் கணக்கும் உண்டு. நாளைக்குக் கால் கிலோ என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கிலோவுக்குமேல் வேண்டும். ஒரு பைச் செடி இரண்டு கிலோ தந்தால் அது நல்ல விளைச்சல். ஆக நாற்பத்தைந்து செடி! வாடகை வீட்டில் அதற்கு இடம் ஏது? இடம் இருந்தாலும் தண்ணீர் ஏது? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற நகரமல்லவா இது!

மாடி உள்ளவன் வளர்த்துக்கொள்வான். மாடி இல்லாதவன் என்ன செய்வான்? அமைச்சரின் அறிவுரை இந்த இடத்தில்தான் முறிந்து விழுகிறது.

சரி, வேறொரு மருந்து சொல்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போடு. உள்நாட்டு உழவன் வாழ்வான். நாடு தன் காலில் நிற்கும் என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. இதையும் உரைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் விற்கும் தக்காளியில் பெரும்பகுதி மெக்சிகோவில் விளைவது. 1996 முதல், அடிமாட்டு விலைக்கு விற்காமல் குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்துக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம் இடையிடையே புதுப்பிக்கப்பட்டு நடந்துவந்தது. புளோரிடா மாநிலத் தோட்டக்காரர்கள் வற்புறுத்தினார்கள். 2025 ஜூலை 14 அன்று அமெரிக்க அரசு ஒப்பந்தத்தை விட்டு விலகி, மெக்சிகோத் தக்காளிமீது 17.09 சதவீத வரி விதித்தது.

அந்த வரியை யார் கட்டுகிறார்கள்? மெக்சிகோ சர்க்காரா? இல்லை. எல்லையில் சரக்கை இறக்கும் அமெரிக்க வியாபாரி கட்டுகிறான். அவன் தன் லாபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்; விற்பவனிடம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். மிச்சம் கடைக்காரன் வழியாக, கூடை தூக்கிவரும் தாயின் தலையில் விழுகிறது. உலகச் சரக்குகளுக்கெல்லாம் பரஸ்பர வரி என்ற பெயரில் சுவர் எழுப்பிய அதே அரசு, 2025 நவம்பரில் காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி, தக்காளி முதலான உணவுப் பொருள்களை அந்தப் பரஸ்பர வரியிலிருந்து விலக்கியது. மெக்சிகோத் தக்காளியின் 17.09 சதவீதம் அதனினும் வேறான வரி. அதை அந்த விலக்கு தொடவில்லை. ஆனாலும் விலக்கு கொடுத்த கை ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: வரி ஏறினால் சமையலறை அறியும்!

இங்கே நமக்கென்ன என்று கேட்கலாம். நம் தக்காளிக்குத் துறைமுக வரியால் விலை ஏறவில்லை. உண்மைதான். ஆனால் தக்காளியைத் தாளிக்கும் எண்ணெய்க்கு ஏறியது.

இந்தியா தின்னும் சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் கப்பலில் வருகிறது. 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. எண்ணெய் வித்து விளைவிக்கும் உழவனைக் காக்க என்று காரணம் சொன்னது. நல்ல நோக்கம்தான். நடந்தது என்ன? எண்ணெய் விலை ஏறியது. ஆனால் சோயா உழவனுக்கு அரசே அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். அறுவடை நாளில் பல சந்தைகளில் அவனுக்கு அது கிடைக்கவில்லை. வாங்கியவனும் அழுதான், விளைத்தவனும் அழுதான். 2025 மே 30 அன்று அதே அரசு கச்சா எண்ணெய் வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தது.

வரியே கூடாது என்பதல்ல நம் வாதம். அந்நியப் பெருங்கம்பெனியின் மலிவுச் சரக்கு வெள்ளமாய் வந்து சிறு உழவனை அடித்துச் செல்லும்போது வேலி வேண்டும். ஆனால் வேலி போட்டவன், காத்த பயிர் உழவன் வீடு சேர்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். பார்க்காத வேலியில் மேய்வது யார்? இடையில் நிற்பவன்!

தக்காளிக் கதையும் அதுவே. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவனுக்குச் சேர்வது ஏறத்தாழ 33 காசு. மிச்சம் 67 காசு லாரி வாடகை, கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, அழுகல், லாபம் என்று வழியெல்லாம் சிந்துகிறது. நங்கநல்லூரில் தள்ளுவண்டி தள்ளும் அம்மாள்மீது பாயாதீர்கள். மாலையில் அழுகின பழத்தைக் கொட்டும் நட்டம் அவருடையது.

2023-இல் விலை ஏறியதற்கு வெயிலும் மழையும் பயிர் நோயும் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்திய மாதங்களில் விலை படுபாதாளத்தில் கிடந்ததால் உழவர் பலர் தக்காளியைக் கைவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள். தர்மபுரிப் பாலக்கோட்டு உழவன் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைக் குப்பையில் கொட்டும் ஆண்டில், அடுத்த ஆண்டு நம் தட்டில் விழப்போகும் விலையும் அங்கேயே விதைக்கப்படுகிறது. அவன் கண்ணீரும் நம் கண்ணீரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்!

அன்று விலையை எது தணித்தது? 2023 ஆகஸ்டில் மத்திய அரசு இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி நேபாளத்திலிருந்து தக்காளி தருவித்தது. அது வடநாட்டு நகரங்களுக்குப் போயிற்று. இங்கே தமிழக அரசு ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. பிறகு கடைகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. ஆளுக்கு அளந்துதான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த வரிசையில் வீட்டுக்காரர் யார், குடித்தனக்காரர் யார் என்ற கேள்வி இல்லை. மாடி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே விலை. அன்று என் தோழரின் வீட்டு ரசத்தில் தக்காளி மிதந்தது அந்த வரிசையால்தான்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது தெளிவு. விலை விழும் மாதத்தில் உழவனுக்குக் கட்டுபடியாகும் விலையில் கூட்டுறவு கொள்முதல் செய்யவேண்டும். விளையும் ஊரிலேயே குளிர்பதனக் கிடங்கும், தக்காளியைக் கூழாக்கும் ஆலையும் வேண்டும். பழுத்த தக்காளி மாதக்கணக்கில் இருக்காது; கூழ் இருக்கும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை முறை நகர்ப்புற வார்டுகளில் பெருகவேண்டும். விலை ஏறும் மாதத்தில், கூச்சல் எழுந்த பிறகு அல்ல, முன்கூட்டியே ரேஷன் கடைக்குச் சரக்கு வரவேண்டும்.

தொட்டியை என்ன செய்வது? தூக்கி எறியாதீர்கள். 2025 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் சேர்ந்த தொகுப்பு வழங்கப்பட்டது. கிடைத்த விதையை வீணாக்காதீர்கள். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும்; சின்னப் பையிலும் வளரும். ஒரு மிளகாய்ச் செடி பல மாதம் காய்க்கும். பையின் அடியில் தட்டு வையுங்கள், செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வீட்டுக்கார அம்மாளின் தளமும் பிழைக்கும்.

என் தோழர் அதைத்தான் செய்கிறார். இப்போது அவர் மாடியில் இரண்டு பையில் கீரை, ஒன்றில் மிளகாய், ஒன்றில் மட்டும் தக்காளி. “தக்காளி எதுக்கு?” என்றேன். “பிள்ளை கேக்குறான் அண்ணே. அதுவும் தவிர, ஒரு கிலோ விளைய எவ்வளவு பாடுன்னு அவன் தெரிஞ்சுக்கட்டும். அப்பத்தான் விளைவிக்கிறவனுக்கு 33 காசுங்கிறது அநியாயம்னு அவனுக்கும் புரியும்” என்றார்.

அமைச்சர் சொன்ன அறிவுரைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. செடி வளர்ப்போம். ஆனால் அந்தச் செடியைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவ விடமாட்டோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், தோழர்களே. அடுத்த விலையேற்றம் நமக்காகக் காத்திருக்காது.