சைலன்சர் உள்ளிருந்துதான் அரிக்கிறது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் மட்டும் எடுக்கிற வண்டியில், சைலன்சர் முழுதாகச் சூடேறும் முன்பே எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே நீராகத் தேங்குகிறது. புகையிலிருந்து வரும் அமிலமும் அதில் சேர்கிறது. வெளியே குரோம் பளபளக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிப்பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே பளபளப்பை நம்ப வேண்டாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சைலன்சரின் அடிப்பக்கத்தையும் பெண்ட் பைப் வந்து சேருமிடத்தையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகட்டில் வலு இருக்கிறது. பொத்தென்று கேட்டு, செம்பழுப்புச் செதில் உதிர்ந்தால் ஓட்டை விழும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது. அடியில் ஒழுங்கான சிறு துளை ஒன்று தெரிந்தால் பதற வேண்டாம். தண்ணீர் வடியட்டும் என்று பல மாடல்களில் கம்பெனியே அதை வைக்கிறது. ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைப்பது, துருவுக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுப்பது போல.

மேலோட்டமான துருவுக்கு உப்புத்தாளும் கம்பி பிரஷும் போதும். தேய்த்துத் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் பெயிண்ட் அடியுங்கள். சாதாரண பெயிண்ட் தீய்ந்து உரிந்துவிடும். கழிவறை ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். குரோமையும் அரிக்கும், நெஞ்சையும் அடைக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சைலன்சரைக் கழற்றும்போது துருவேறிய நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே உடையும். அப்புறம் லேத்துக்காரருக்கும் சேர்த்துச் செலவு. முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

ஓட்டை விழுந்தால் காதுக்கு மட்டுமல்ல தொல்லை. புகையோடு கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது எந்த வண்டியிலும் ஆபத்து, ஓட்டை சைலன்சரோடு இன்னும் மோசம். சட்டமும் இருக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் முடங்கும். பழையது போனதே சாக்கு என்று அலறும் சைலன்சரை மாட்டுகிற தம்பிகளுக்கு 182ஏ பிரிவு தனியாகக் காத்திருக்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. “பழசை இங்கேயே போட்டுட்டுப் போங்க சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளின் புகைக்குழாய்க்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. துருப்பிடித்தாலும் அந்தப் பாகம் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. புதுசு என்று காசு வாங்கிக்கொண்டு பழையதற்கு பாலிஷ் போட்டு மாட்டினாலும் புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கும் கட்டாயமும் இல்லை. மனுவோடு பில்லையும், கழற்றும் முன் மொபைலில் எடுத்த படத்தையும் இணையுங்கள். பழைய சைலன்சரை வழக்கு முடியும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள்.