நிலவறைக்கு மூன்று கேள்விகள்



நம் ஊரில் வீடு கட்டுவோர் முதலில் தரையை உயர்த்துவர். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. அதைக் கடந்தால் வீடு. மழைநீர் உள்ளே புகாதிருக்க முன்னோர் கண்ட வழி இது. இப்படிப் படியேறியே பழகிய நான், 2024ஆம் ஆண்டுக் கோடையில் சிகாகோ நகருக்கு அருகில் உள்ள என் மகள் வீட்டுக்குச் சென்றபோது, வீட்டுக்குள்ளேயே படியிறங்கி ஓர் அறைக்குச் செல்வதைக் கண்டு வியந்தேன். அதுதான் நிலவறை.

அங்கு ஏன் தோண்டினார்கள்? குளிர்காலத்தில் ஈரமண் உறைந்து மேலெழும்பும். மேலோட்டமாக இட்ட கடைக்காலையும் தூக்கிவிடும். ஆகவே அங்கே கடைக்கால் 42 அங்குலமாவது ஆழம் செல்ல வேண்டும் என்பது கட்டட விதி. அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் சில அடி தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும். மேலும், மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுவது. அதனால் நிலவறை கோடையில் குளிர்ச்சியாகவும், குளிர்காலத்தில் வெளியைவிட வெதுவெதுப்பாகவும் இருக்கிறது.

பதினைந்து வயதுப் பேத்தி அந்த அறையைத் தன் படிப்பறையாகவும் படுக்கையறையாகவும் ஆக்கிக்கொள்ள விரும்பினாள். "தாத்தா, சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம்?" என்று கேட்டாள்.

"வண்ணம் இருக்கட்டும், அம்மா. இந்த வாடை எங்கிருந்து வருகிறது?" என்றேன்.

சுவரோரம் இருந்த புத்தகப் பெட்டியை நகர்த்தினோம். பின்புறம் முழுவதும் பூஞ்சணம்! காற்று உலர்த்தும் என்று எண்ணி அவள் நாள்தோறும் சன்னலைத் திறந்துவைத்திருந்தாள். குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொடும்போதும் அதுவே நிகழ்கிறது. எனவே சன்னலை மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவியை வைத்தோம். கூரைநீர் சுவரடியில் விழாதபடி குழாயை நீட்டினோம். மண்ணை வெளிப்புறம் நோக்கிச் சரித்தோம். அலமாரிகளைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தினோம். நீர் எங்கிருந்து வரும் என்பதே முதற்கேள்வி.

காற்று எப்படிப்பட்டது என்பது இரண்டாவது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் ரேடான் என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்புகளின் வழியே நுழைந்து நிலவறையில் தேங்கும். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுவே. ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி அளவை எட்டினால் குழாயும் விசிறியும் பொருத்தி வெளியேற்ற வேண்டும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. சிறு சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்து அளவைத் தெரிந்துகொண்டோம். நல்லவேளையாகக் குறைவாகவே இருந்தது.

மூன்றாவது கேள்வியை ஒரு துயரச் செய்தி நினைவூட்டியது. அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள், டில்லியில் பழைய ராஜேந்திர நகரிலிருந்த பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறைப் படிப்பகத்தில் மழைவெள்ளம் புகுந்தது. குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர். பொருள்களைச் சேமிக்க அனுமதி பெற்ற இடத்தைப் படிப்பகமாக்கியிருந்தனர் என்று செய்திகள் கூறின. பொருள் நனைந்தால் வேறு பொருள் வாங்கலாம். பிள்ளைகளை எங்கே வாங்குவது?

அன்று நான் நிலவறையின் சன்னலைப் பார்த்தேன். பூனை நுழையுமே தவிர, பெண் நுழைய முடியாது. அந்நாட்டுக் கட்டட விதிப்படி, நிலவறையைப் படுக்கையறையாக்கினால் படியைத் தவிர வெளியேற வேறொரு வழியும் வேண்டும். அது சன்னலானால், பொதுவாக 5.7 சதுர அடி திறப்பு வேண்டும்; அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருத்தலாகாது. சுவரை அறுத்துப் பெரிய சன்னல் வைக்கும்வரை மாடியிலேயே உறங்கு என்றேன். இரண்டு நாள் பேத்தி என்னோடு பேசவில்லை.

சன்னல் வந்தது, அதனோடு வெயிலும் வந்தது. பிறகே வெளிர்மஞ்சள் பூசினோம். கம்பளத்தை நீக்கி ஓடு பதித்தோம். மூலைக்கொரு விளக்கு வைத்தோம். அவ்வீட்டில் இன்று மிக அழகிய அறை அதுவே.

நகரங்களுக்குப் படிக்கச் செல்லும் உங்களுக்கு, தரைக்குக் கீழே ஓர் அறையோ படிப்பகமோ வாய்க்கலாம். அமர்வதற்குமுன் கேளுங்கள்: நீர் எங்கிருந்து வரும்? காற்று எப்படிப்பட்டது? நான் எவ்வழியே வெளியேறுவேன்? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் புத்தகத்தைத் திறவுங்கள்.