கார்டுக்கு முன்னால் போர்டு

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கொட்டேஷனை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார் அந்தப் பெண். வளசரவாக்கத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே, கட்டப்போகும் வீடுகளுக்கு த்ரீடி படம் செய்து கொடுக்கிறவர். தாளைப் பிரித்ததும் என் கண் போர்டு வரிக்குத்தான் போனது. மொத்தப் பணத்தில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு. ப்ராசஸர் 16 கோர். அதைத் தாங்கவேண்டிய மதர்போர்டோ, அந்த சாக்கெட்டில் கிடைப்பதிலேயே விலை குறைந்தது.

"கார்டுதானே ரெண்டர் பண்ணுது அண்ணா? போர்டுல காசு போட்டு என்ன ஆகப்போகுது?"

பதினெட்டு வருஷமாக சிஸ்டம் அசெம்பிள் செய்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்கு பதில் கிடைத்தது ஒரு மே மாதத்து நடுராத்திரியில். விளம்பரப் படம் செய்யும் சின்ன ஸ்டுடியோ ஒன்றுக்கு இதே மாதிரி 16 கோர் ப்ராசஸரும் மலிவான போர்டும் போட்டுக் கொடுத்திருந்தேன். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தபோது குறையே இல்லை. ஒரு மாதம் கழித்து போன் வந்தது. சாயங்காலம் ஒரு ஃபிரேம் ஆறு நிமிஷத்தில் முடிகிறது, ராத்திரி அதுவே ஒன்பது நிமிஷம் ஆகிறது என்றார்கள். போய் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, திரையில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். 4.8 கிகாஹெர்ட்ஸில் தொடங்கியது, கால் மணி நேரத்தில் 3.1-க்கு இறங்கிவிட்டது. ப்ராசஸர் சூடாகவில்லை. சாக்கெட்டுக்கு இடதுபுறம் வரிசையாக இருந்த கறுப்புச் சில்லுகளின் அருகே விரலைக் கொண்டுபோனேன், வைக்க முடியவில்லை. அவற்றின்மேல் ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லை. போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸரின் கழுத்தைப் பிடித்திருந்தது. மறுநாள் என் செலவில் போர்டை மாற்றிக் கொடுத்தேன்.

அந்தச் சில்லுகளுக்கு வீஆர்எம் என்று பெயர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட்தான். இறக்கிக் கொடுப்பது இவற்றின் வேலை. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் போன்ற ப்ராசஸர் முழு வேலையில் 230 வாட் வரை இழுக்கும். 1.2 வோல்ட்டில் 230 வாட் என்றால் சுமார் 190 ஆம்பியர். நம் வீட்டு ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஆறேழு ஆம்பியர்தான். வோல்டேஜ் குறையக் குறைய கரண்ட் இப்படித்தான் கூடும். அத்தனையும் அந்தக் கறுப்புச் சில்லுகள் வழியாகத்தான் போகவேண்டும், அதுவும் விடிய விடிய. அதனால் போர்டு வாங்கும்போது கடைக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டின் இரண்டு பக்கமும் கனமான ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கலர் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் ரெண்டருக்குச் சம்பந்தமில்லாதது.

அவரிடம் அடுத்து நான் கேட்டது, "பின்னால இன்னொரு கார்டு போடுற யோசனை இருக்காம்மா?"

இருந்தது. ஒரு வருஷம் கழித்து இன்னொரு 16 ஜிபி கார்டு சேர்த்தால் 32 ஜிபி ஆகிவிடும் என்று நினைத்திருந்தார். ஆகாது. மரங்கள், சோபா, கார்ப்பெட் என்று காட்சியில் இருக்கிற எல்லாமே ஒவ்வொரு கார்டின் மெமரியிலும் தனித்தனியாக ஏறவேண்டும். 20 ஜிபி காட்சி 16 ஜிபி கார்டில் இடிக்கும் என்றால், இரண்டு கார்டு போட்டாலும் இடிக்கத்தான் செய்யும். முன்பு சில ஜியிஃபோர்ஸ் கார்டுகளை என்விலிங்க் என்ற இணைப்பால் சேர்க்க முடிந்தது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் அது நீக்கப்பட்டுவிட்டது.

கொட்டேஷனில் இருந்த போர்டின் மேனுவலை எடுத்து ஸ்லாட் அட்டவணைப் பக்கத்தை அவரிடம் நீட்டினேன். நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தன. பார்வைக்கு ஒரே அளவு. கீழே உள்ளதற்கு நேராகப் பொடி எழுத்தில், 4 லேன் மட்டும், சிப்செட் வழியாக, என்று போட்டிருந்தது. லேன் என்பது ப்ராசஸரிலிருந்து கிளம்பும் தடம். ஏஎம்5 சாக்கெட்டின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸரில் மொத்தம் 28 தடம் உண்டு. பெரும்பாலான போர்டுகளில் 16 கார்டுக்குப் போகும், 8 எஸ்எஸ்டிகளுக்கு, மிச்சம் 4 போர்டிலுள்ள சிப்செட் என்ற துணைச் சில்லுக்கு. கீழ் ஸ்லாட், நெட்வொர்க், சாட்டா டிஸ்க், யுஎஸ்பியில் பாதி எல்லாம் அந்த நாலு தடத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மேல் ஸ்லாட்டின் 16 தடத்தை எட்டெட்டாகப் பிரித்து இரண்டு கார்டுக்குக் கொடுக்கும் போர்டுகள் உண்டு, விலை அதிகம். நிஜமாகவே மூன்று நான்கு கார்டு வேண்டிய ஸ்டுடியோவுக்கு ஏஎம்டியின் திரெட்ரிப்பர் புரோ இருக்கிறது: 128 தடம், எட்டு மெமரி சேனல். போர்டும் ராமும் மட்டுமே ஒரு சாதாரண சிஸ்டத்தின் விலையைத் தாண்டிவிடும். வீட்டு மாடியில் தனியாக வேலை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மெமரி அதிகமுள்ள ஒரே கார்டு, 12 கோர் ப்ராசஸர், நடுத்தர விலையில் திடமான போர்டு என்று கொட்டேஷனைத் திருத்தி எழுதினேன்.

ராமில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. நாலு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு என்று கணக்குப் போடுவார்கள். டிடிஆர்3, டிடிஆர்4 காலத்துப் பழக்கம் அது. டிடிஆர்5-இல் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நாலு போட்டால் 3600. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அதனால் முதலிலேயே இரண்டு 48 ஜிபி, மொத்தம் 96.

இன்டெலா ஏஎம்டியா என்ற கேள்விக்கு வேலையைத் தெரிந்துகொள்ளாமல் நான் பதில் சொல்வதில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் வந்தால் கேமராவைக் கேட்பேன். இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 என்ற வகையில் பதிகின்றன. இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அதை எளிதில் பிரித்துக் காட்டும். டைம்லைன் திக்காமல் ஓடும். பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அந்தப் பகுதி கிடையாது. சில ஆயிரம் மிச்சம் என்று அதை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகளே இந்த வேலையைச் செய்துவிடுவதால், அந்தக் கார்டு வாங்குகிறவருக்கு இன்டெல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகை ப்ராசஸர் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவை தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தம்மையே கெடுத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டது, பயாஸ் அப்டேட்டாக அது வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை அந்த அப்டேட் சரிசெய்யாது.

அவருக்கு நான் ஏஎம்5 சொன்னதற்குக் காரணம் சாக்கெட்டின் ஆயுள். 2017-இல் முதல் ரைசனுக்காக ஏஎம்4 போர்டு வாங்கிய என் வாடிக்கையாளர்கள் சிலர், பயாஸை மட்டும் மாற்றி அதே போர்டில் 5000 வரிசை ப்ராசஸர் போட்டுக்கொண்டார்கள். 2021-இல் வந்த இன்டெலின் எல்ஜிஏ 1700-க்குப் பதிலாக 2024-இலேயே வேறு சாக்கெட் வந்துவிட்டது. 2022-இல் வந்த ஏஎம்5-ஐ 2027-க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மாதச் சம்பளம் இல்லாமல் படத்துக்குப் படம் காசு வாங்குகிறவருக்கு, மூன்று வருஷம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றினால் போதும் என்பது பெரிய ஆறுதல்.

ஒரு வாரத்தில் பொருட்கள் வந்தன. என் மேசையில் வைத்தே பூட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

"ஓடலையே அண்ணா?"

"இரும்மா, போர்டு ராமைப் பழகிக்கிட்டிருக்கு. டிடிஆர்5-க்கு முதல் தடவை இப்படித்தான். பாதியில ஆஃப் பண்ணக் கூடாது."

மூன்றாம் நிமிஷம் திரை வெளுத்தது. 96 ஜிபி என்று காட்டியது. பயாஸ் பதிப்பு எண்ணை மேனுவலின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி, பக்கத்திலேயே தேதியும் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.